மல்பாஸ் பெரியவருக்கு நன்றி

தெற்கு பிரான்சின் கொலொம்பியே கிராமத்துக் கால்வாய்க் கரையில் சைக்கிள் செயின் கழன்றுவிட்டது. எனக்கு பிரெஞ்சும் தெரியாது. நாயோடு வந்த பெரியவர் ஒருவர் குச்சியால் நெம்பி மாட்டிவிட்டு, கிரீஸ் கையைப் புல்லில் துடைத்துக்கொண்டு, "வா" என்று சைகை காட்டினார்.

மல்பாஸ் குன்றுக்கு. 1679-இல், இந்தக் கால்வாயை அமைத்த ரிக்கே என்பவர் குடைந்த கால்வாய்ச் சுரங்கம், சுமார் 165 மீட்டர். தனியாக வந்திருந்தால் அதைப் பார்த்ததோடு கிளம்பியிருப்பேன். அவர் மூன்று விரல் காட்டித் தரையைத் தட்டினார். அதே குன்றுக்குள் ரயிலுக்கு ஒன்று, 13-ஆம் நூற்றாண்டில் மொந்தாடி ஏரியை வடிக்க வெட்டியது ஒன்று!

அப்புறம் என்செரூன் மேட்டிலிருந்து அந்த வற்றிய ஏரியைக் காட்டினார். வயல்களெல்லாம் நடுமையம் நோக்கி, சைக்கிள் சக்கரக் கம்பிகள் மாதிரியே.

பெயர் கேட்க மறந்துவிட்டேன். நன்றி ஐயா. பொறுமையாகக் காத்திருந்த நாய்க்கும்.