‘கிருமி இல்லை’ என்றால் ‘மாசு இல்லை’ ஆகிவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் அழற்சி பற்றிய கட்டுரையில், ‘0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்த புரதம் என்பதால் மாசுக்கு இடமில்லை’ என்று ஒரு வரி வந்தது. தங்கள் பத்திரிகையில் இதைப் படித்தது மனதுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

வடிகட்டி தடுப்பது பாக்டீரியாவை. ஈ. கோலை என்ற பாக்டீரியாவுக்குள் உருவாக்கி, அதை உடைத்துத்தானே அந்தப் புரதத்தை எடுக்கிறோம்? உடைக்கும்போது அதன் வெளிச்சவ்விலிருந்து கழன்ற எண்டோடாக்சின் என்ற நச்சுப்பொருள் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வடிகட்டியைத் தாண்டி வந்துவிடும். ஆட்டோகிளேவ் என்ற நீராவிக் கலனின் 121 டிகிரியும் அதை அழிக்கப் போதாது. கண்ணாடிக் குடுவையை உலர் அடுப்பில் 250 டிகிரியில் அரை மணி நேரம் வைக்கலாம், புரதத்தை வைக்க முடியாது. புரதத்திலிருந்து அதைப் பிரிக்க, டிரைட்டான் எக்ஸ்-114 என்ற சோப்புப் போன்ற பொருளைச் சேர்த்துப் பனிக்கட்டியில் கலக்கி, 37 டிகிரிக்குக் கொண்டுவந்தால் கரைசல் பால்போலக் கலங்கும். சுழற்றியதும் எண்டோடாக்சின் அடியில் எண்ணெய்ச் சொட்டாக இறங்கும். மேல்நீரை மட்டும் உறிஞ்சி, இதையே இன்னும் இரண்டு மூன்று முறை செய்ய வேண்டும். ஒரு தடவையோடு விட்டால் மிச்சம் இருக்கும். மில்லிலிட்டருக்கு ஒரு நானோகிராம்கூட இல்லாத அந்த மிச்சமே டிஎல்ஆர்4 என்ற ஏற்பி வழியாக மேக்ரோஃபேஜ் என்ற நோயெதிர்ப்புச் செல்லைக் கிளப்பிவிடப் போதும்.

எச்எஸ்பி70 என்ற வெப்ப அதிர்ச்சிப் புரதமே அழற்சியைத் தூண்டுகிறது என்று முன்பு ஒருமுறை எழுதினீர்கள். அப்போதும் பொறுத்துக்கொண்டேன். எண்டோடாக்சின் நீக்கிய எச்எஸ்பி70 அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப்-ஐச் சுரக்கவைக்கவில்லை என்று 2003-லேயே வெளிவந்துவிட்டது. எண்டோடாக்சின் கொதியைத் தாங்கும், புரதம் தாங்காது என்று நம்பி, ‘கொதிக்கவைத்ததும் வேலை நின்றது, ஆகவே தூண்டியது புரதம்தான்’ என்று சொன்ன வாதமும் அதோடு விழுந்தது. மிகக் குறைந்த அளவில் இருக்கும் எண்டோடாக்சினும் கொதியில் வலுவிழக்கும். எண்டோடாக்சினை முடக்கும் பாலிமிக்சின் பி சேர்த்துப் பார்த்தோம் என்பதும் போதாது, பாக்டீரியாவிலிருந்து கூடவே வரும் லிப்போபுரதங்களை அது தொடாது.

எண்டோடாக்சினை அளக்க உதவும் குதிரைலாட நண்டின் குருதிச் சோதனையையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. செல்லுலோஸ் வடிகட்டியிலிருந்து கசியும் குளுக்கான் என்ற சர்க்கரைச் சேர்மம், இல்லாத எண்டோடாக்சினை இருப்பதாகக் காட்டும். மருந்துகளில் சேர்க்கும் பாலிசார்பேட் உள்ள கரைசலோ இருப்பதை மறைக்கும். தெரிந்த அளவு எண்டோடாக்சினைச் சேர்த்து, அதில் 50 முதல் 200 சதவீதத்துக்குள் திரும்பக் கிடைத்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு. ஊசி மருந்தில் உடல் எடை கிலோவுக்கு மணிக்கு 5 எண்டோடாக்சின் அலகு, தண்டுவடத்தில் செலுத்துவதற்கு 0.2 அலகு என்று வரம்பு வைத்திருப்பது சும்மா அல்ல. இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததும் அல்ல.

அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். இனி புரத ஆய்வு பற்றி எழுதுபவர்களிடம் ஒரு மில்லிகிராம் புரதத்தில் எத்தனை எண்டோடாக்சின் அலகு இருந்தது என்று கேட்டு, அதையும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்