முகவரியை மாற்றிவிடு, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று போனில் கேட்டதற்கு "எல்லாம் சரியா இருக்கும்மா" என்று முடித்துவிட்டாய். ஆனால் அப்பாவிடம், டிராஃபிக் போலீஸ் உன் வண்டியை இரண்டாவது தடவையாக நிறுத்தியதைச் சொல்லியிருக்கிறாய். நான் கவலைப்படுவேன் என்று மறைத்திருப்பாய். போனில் பேசினால் பாதி விட்டுப்போகும் என்றுதான் எழுதுகிறேன்.

நீ புனே போய் பதினான்கு மாதம் ஆகிறது. வண்டியில் இன்னும் நம் தஞ்சாவூர் டிஎன் 49 எண்தான். ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை இன்னொரு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அந்த ஊர் எண் வாங்கியாக வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இருக்கிறது. அதனால் அந்தப் போலீஸ்காரர் கேட்டதில் தப்பில்லை.

அப்பா ஆர்.டி.ஓ. ஆபீஸ் போய் விசாரித்துவிட்டு வந்தார். முதலில் இங்கிருந்து தடையில்லாச் சான்று வாங்க வேண்டும், அதற்கு 28ஆம் எண் படிவம். மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் நீயே விண்ணப்பிக்கலாம். சேசிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுக்கச் சொல்வார்கள். அபராதம் ஏதாவது பாக்கி இருந்தால் முதலில் அதைக் கட்டு, இல்லாவிட்டால் சான்று அங்கேயே நின்றுவிடும். வண்டிக் கடன் முடிந்துவிட்டதால் பாங்க் கடிதத்துக்கு அலைய வேண்டியதில்லை. சான்று கைக்கு வந்ததும் அங்கே 27ஆம் படிவம் கொடுத்து, மகாராஷ்டிர வரியைக் கட்டினால் புனேயின் எம்எச் 12 எண் கிடைக்கும். இங்கே ஆயுள் வரி கட்டியாயிற்றே, மறுபடியும் ஏன் என்று நீ கோபப்படுவாய். சாலை வரி அந்தந்த மாநிலத்துக்குச் சேருவது, அதுதான் காரணம். மீதி ஆண்டுகளுக்கான வரியை இங்கே திரும்பக் கேட்கலாம். புது ஆர்.சி. நகலை அனுப்பு, அந்த அலைச்சலை அப்பா பார்த்துக்கொள்வார். இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் புது எண்ணைத் தெரிவிக்க மறந்துவிடாதே. லைசென்ஸ் பற்றிப் பயப்படாதே, அது நாடு முழுக்கச் செல்லும்.

அடுத்த தடவை வண்டி வாங்கினால் பிஎச் எண் வாங்கிக்கொள், எல்லா மாநிலத்துக்கும் பொதுவான 'பாரத்' வரிசை எண் அது. 2021இல் வந்தது. நான்கு மாநிலங்களுக்குக் குறையாமல் ஆபீஸ் வைத்திருக்கிற தனியார் கம்பெனி ஆட்களுக்கும் தருகிறார்கள், உங்கள் கம்பெனிக்கு அது பொருந்தும். வரியை இரண்டிரண்டு வருடமாகக் கட்டலாம். மாற்றல் வரும்போதெல்லாம் எண் மாற்ற வேண்டியதில்லை.

வண்டி விஷயம் இவ்வளவுதான். நான் சொல்ல வந்தது ஆதாரைப் பற்றி.

உன் வீட்டு ஒப்பந்தம் முறையாகப் பதிவானது. அந்த ஊரில் வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று சட்டம் இருப்பதால், உன் கையில் நல்ல ஆவணம் இருக்கிறது. அதை வைத்து வீட்டில் உட்கார்ந்தபடியே ஆதார் முகவரியை மாற்றிவிடலாம். பாங்க், கேஸ், லைசென்ஸ் எல்லாம் அதன் பின்னால் வரும். இது உனக்கும் தெரியும். "மாத்தணும்மா, பாக்கலாம்" என்று பதினான்கு மாதமாகச் சொல்கிறாய். போன தீபாவளிக்கு வந்தபோது "அதுல நம்ம வீட்டு அட்ரஸ் இருக்கட்டுமே" என்றாய். அன்றைக்கு எனக்கு அது சந்தோஷமாக இருந்தது. அதனால் வாயை மூடிக்கொண்டேன். அப்படி இருந்தது தப்பு.

அப்பாவுக்கு 1997இல் விசாகப்பட்டினத்துக்கு மாற்றல் வந்தபோது நீ கைக்குழந்தை. இரண்டு வருடம்தானே என்று நினைத்தோம். கேஸ் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்துச் சீட்டு வாங்கிப் போயிருந்தால் அங்கே இணைப்பு கிடைத்திருக்கும். நான் அதை உன் அத்தை வீட்டில் கொடுத்துவிட்டுப் போனேன். ரேஷன் கார்டையும் மாற்றவில்லை. மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் சமையல், கார்டு இல்லாததால் அந்த எண்ணெயும் கூடுதல் விலைக்கு. நல்ல பாத்திரங்களை அட்டைப்பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை. இரண்டு வருடம் ஏழு வருடமாயிற்று. பக்கத்து வீட்டு அம்மாவிடம் தெலுங்கில் நாலு வார்த்தை பேச எனக்கு நாலு வருடம் பிடித்தது. பேசத் தொடங்கிய பிறகுதான், எனக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி கொண்டுவர ஓர் ஆள் இருந்தார்கள். முதல் மாதமே பேசியிருக்கலாமே என்று இன்றைக்கும் தோன்றும்.

திரும்பி வந்தபோது உன் டி.சி.யில் அந்த ஊர்க் கல்வி அதிகாரியின் மேலொப்பம் இல்லை என்று இங்கே பள்ளியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரு கையெழுத்துக்காக அப்பா சென்னை போய் ஹௌரா மெயில் ஏறி, விசாகப்பட்டினம் வரை போய் வந்தார். உனக்கு ஞாபகம் இருக்காது, பத்து நாள் வீட்டிலேயே இருந்தாய். பள்ளிக்கூடம் பிடிக்கவில்லையா என்று எல்லோரும் உன்னைக் கேட்டார்கள்.

அதனால்தான் சொல்கிறேன், பெட்டியைப் பிரி. பாதி இங்கேயும் பாதி அங்கேயுமாக இருக்காதே. மராத்தி எழுத்தைக் கற்றுக்கொள். பஸ்ஸில் எண்களும் அவர்கள் எழுத்தில்தான் இருக்கின்றன, ஒன்று நம் ஒன்பது போலத் தெரிகிறது என்றாயே, பத்து எண்களை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் மனப்பாடம் செய்துவிடலாம். வேலைக்கு வரும் அம்மாவை "மாவ்ஷி" என்று கூப்பிடு, அவர்களுக்கு அது சித்தி, பெரியம்மா மாதிரி. நம் பெரிய கோயில் சுவரில், தஞ்சாவூரை ஆண்ட மராட்டிய மன்னர் சரபோஜி வெட்டிவைத்த மராத்திக் கல்வெட்டைச் சின்ன வயதில் கையால் தடவிப் பார்த்தவள் நீ. அது உனக்கு அவ்வளவு அந்நியமான எழுத்து இல்லை.

கரண்ட் பில் மாதாமாதம் வருவதைப் பார்த்துத் திகைத்துப்போனாய். இங்கே இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, முதல் நூறு யூனிட் இலவசம் என்று பழகிவிட்டோம். அங்கே மாதாமாதம்தான் வழக்கம். தேதியை காலண்டரில் குறித்துக்கொள்.

வாக்காளர் பட்டியலை மட்டும் தள்ளிப்போடாதே. போன வாரம் நம் வாக்குச்சாவடி அலுவலர் வந்தார். உன் பெயரைச் சொல்லி "இங்கேதான் இருக்காங்களா?" என்று கேட்டார். அப்பா சட்டென்று "ஆமா" என்றுவிட்டார். ராத்திரி முழுக்க அவருக்குத் தூக்கமில்லை. காலையில் எழுந்து, "அந்த எட்டாம் நம்பர் படிவத்தை அவளையே போடச் சொல்லு, என்னால சொல்ல முடியாது" என்றார். அதைப் போட்டால் பெயர் இங்கிருந்து எடுக்கப்பட்டு அங்கே சேரும். ஒருவருக்கு ஒரு தொகுதியில்தான் பெயர் இருக்கலாம்.

ஆதாரில் பெயரை இரண்டு தடவைதான் மாற்ற முடியும், முகவரிக்கு அப்படிக் கணக்கு இல்லை. நாளைக்கு நீ திரும்பி வந்தால் மறுபடி மாற்றிக்கொள்ளலாம். உன் அறையில் எதையும் நான் நகர்த்தவில்லை.

வண்டியின் பழைய வரி ரசீதையும் இன்சூரன்ஸ் நகல்களையும் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பியிருக்கிறேன். உறையில் உன் முகவரி எழுத டைரியைத் திறந்தால், அதில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். ஆதார் மாறியதும் போனில் சொல். பின்கோடு தப்பில்லாமல் சொல், பேனாவால் எழுதிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா