அண்ணனுக்கு இன்சுலின் கிடைக்க உதவிய எல்லோருக்கும்

எங்கள் தோட்டத்து மாமாமார், அக்காமார், கொழும்பில் எங்களுக்காக நின்ற எல்லோருக்கும் வணக்கம்.

அண்ணன் சீனி வருத்தக்காரர், தினமும் இன்சுலின் போடுகிறவர். விளக்கமறியலில் அது ஒழுங்காகக் கிடைக்கவில்லை. காலில் வந்த புண்ணுக்கும் வலி மாத்திரைதான் கொடுத்தார்கள். கடைசியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஒரு விரலை எடுத்தார்கள். வழக்கே முடியாத மனுசனுக்கு இந்தத் தண்டனையை விதித்தது யார் என்று அம்மா இன்னும் கேட்கிறார்.

சட்டத்தரணி அம்மாவுக்குத்தான் முதல் நன்றி. அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி, உரிமை மீறப்பட்ட ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். அது இருப்பதோ கொழும்பில். சிறைக்குப் போய்க் கையெழுத்து வாங்கி, சத்தியக்கடதாசி முடிக்க எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு மாதம் எந்த மூலைக்கு? அவர் உடனே மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு எழுதச் சொன்னார். 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி, ஒரு மாதத்துக்குள் முறையிட்டுவிட்டால் அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. விசாரணை எடுத்ததற்கான கடிதத்தையும் கேட்டு வாங்க வைத்தார். அந்தக் கடிதம்தான் எங்களைக் காப்பாற்றியது.

கொடூரமான, இழிவான நடத்துகையைத் தடுக்கும் 11ஆம் உறுப்புரையில் மருந்து கொடுக்காததும் அடங்கும் என்பது அவர் வாதம். கைதியின் கடும் நோயைத் தெரிந்தே அலட்சியப்படுத்துவது கொடூரத் தண்டனை என்று 1976இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னதையும் மனுவில் காட்டியிருக்கிறார்.

டிஸ்பென்சர் ஐயா பழைய கிளினிக் கொப்பியைத் தேடி எடுத்து, எவ்வளவு இன்சுலின், எப்போதிருந்து என்று எழுதிக் கொடுத்தார். சிங்களத்தில் வந்த கடிதங்களை ஆசிரியர் இரவிரவாக மொழிபெயர்த்தார். நான் கொழும்புக்குப் போன நாட்களில் பேர் போனது, அந்த நாள் சம்பளம் இல்லை. வீட்டில் அடுப்பு எரிந்தது மேல் லயத்து அக்காமாரால். அவர்களுக்கும் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், விழுந்த மாதம் அது. மரணாதார சங்கம் ரயில் காசு தந்தது. பெயர் சொல்ல முடியாத சிறை உத்தியோகத்தர் ஒருவர் அண்ணனின் புண்ணைப் பதிவில் எழுத வைத்தார். ஐயா, உங்களை நாங்கள் மறக்க மாட்டோம்.

வழக்கு இன்னும் நடக்கிறது. இன்சுலின் இப்போது தினமும் கிடைக்கிறது, கிளினிக்குக்கும் கூட்டிப்போகிறார்கள்.

மனு, முறைப்பாடு எல்லாவற்றின் பிரதியும் ஆசிரியரிடம் இருக்கிறது. உங்கள் வீட்டில் யாராவது நோயோடு உள்ளே இருந்தால், மாதம் முடியும்வரை காத்திருக்காமல் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

நன்றியுடன்,
தங்கச்சி