சிறுகோட்டுக்கு முன்னால் எந்த இனம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கலப்பு மணம் புரிந்தோரின் பிள்ளைகள் தாம் எந்த இனம் என்று தெரியாமல் தடுமாறுவதாகச் சென்ற வாரக் கட்டுரையில் படித்தேன். என் மனைவி சீனர்; மகளுக்கு 13 வயது. அவள் தடுமாறி நான் கண்டதில்லை. அவளைப் பார்ப்பவர்கள் தடுமாறுவதைத்தான் அன்றாடம் காண்கிறேன்.

சிங்கப்பூரில் நெடுங்காலம் பிள்ளையின் இனம் பெரும்பாலும் தந்தையின் இனமாகவே பதிவாகி வந்தது. 2011 ஜனவரி முதல் இரண்டு இனங்களையும் சிறுகோடிட்டுப் பதியலாம் என்றானது நல்ல மாற்றம்தான். ஆயினும் மகள் பிறந்தபோது 'இந்தியர்-சீனர்' என்பதா, 'சீனர்-இந்தியர்' என்பதா என்று நானும் மனைவியும் ஒரு மாலை முழுவதும் பேசினோம். காரணம், 1989 முதல் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளுக்கு நடப்பிலுள்ள இன ஒருங்கிணைப்புக் கொள்கையின்படி ஒவ்வொரு அடுக்குமாடி புளோக்கிலும் இனவாரியாக உச்சவரம்பு உண்டு; அந்தக் கணக்கில் சிறுகோட்டுக்கு முன்னால் உள்ள இனமே சேரும். தாளில் இரண்டாக இருப்பவள் வீடு வாங்கப் போகையில் ஒன்றாகிவிடுவாள். என் தந்தையின் விருப்பப்படி 'இந்தியர்' முன்னால் வந்தது. (மாமியார் ஒரு வார்த்தை சொல்லவில்லை; அதுதான் எனக்கு இன்றும் உறுத்தல்.)

தொடக்கப்பள்ளியில் ஜூலை 21 இன நல்லிணக்க நாளுக்கு ஓர் ஆண்டு பாவாடை சட்டை அணிந்து போனாள். சீனப் பிள்ளைக்கு எதற்கு இந்த உடை என்றாள் ஒரு தோழி. மறு ஆண்டு சீனப் பாரம்பரிய உடையான சியோங்சாம் அணிந்தாள். நீ தமிழ் வகுப்புக்குத்தானே போகிறாய் என்றாள் இன்னொருத்தி. மூன்றாம் ஆண்டு பள்ளிச் சீருடையிலேயே போய்விட்டாள்.

பிள்ளைகளைச் சொல்வானேன், நாமும் அப்படித்தான். லிட்டில் இந்தியாவின் தேக்காவில் கடைக்காரர்கள் என்னிடம் தமிழிலும், அவள் முகத்தைப் பார்த்ததும் ஆங்கிலத்திலும் பேசுகிறார்கள். அவள் தமிழில் பதில் சொன்னால், "அட, தமிழ் நல்லாப் பேசுதே!" என்று வியக்கிறார்கள். பாராட்டுத்தான், ஆனால் விருந்தாளிக்குச் சொல்கிற பாராட்டு; வீட்டுப் பிள்ளை தமிழ் பேசினால் யாரும் வியப்பதில்லை. சந்தையில் காய்கறி விற்கும் அம்மா ஒருவர் மட்டும் தொடக்கத்திலிருந்தே, "முருங்கைக்காய் எத்தனை வேணும்மா?" என்று கேட்டதோடு சரி. சற்றுத் தள்ளி வேறு கடையில் விலை குறைவு என்றாலும், மகள் அவரிடம்தான் வாங்க வேண்டும் என்கிறாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
யீஷூன், சிங்கப்பூர்.