குசும்பாப்பூவும் ரோஸ் கலரும்

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் வந்து எவ்வளவோ நாளாயிற்று. திட்டுவதை நேரில் வைத்துக்கொள். இங்கே எல்லோரும் சௌக்கியம். பெரியக்கா விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

குசும்பாப்பூவை, அதுதான் சஃப்ளவரை, கொதிக்கவைத்து ரோஸ் சாயம் எடுக்கப்போவதாக எழுதியிருக்கிறாயே, அடுப்பையே பற்றவைக்காதே! அந்தப் பூவில் மஞ்சள்தான் ஏராளம். சிவப்பு நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது, அதுவும் சூடு பட்டால் கெட்டுவிடும்.

100 கிராம் உலர்ந்த இதழைத் துணிப்பையில் கட்டி, துளி வினிகர் விட்ட பச்சைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிசை. மஞ்சள் இறங்கிக்கொண்டே இருக்கும். தண்ணீர் தெளியும்வரை மாற்றிக்கொண்டே இரு. புள்ளி வைத்துவிட்டுக் கோலத்தைப் பாதியில் விடுகிறவள் நீ, இங்கே அந்த வேலை ஆகாது. மஞ்சள் மிஞ்சினால் நிறம் கலங்கிப்போகும். பிறகு பையைப் பிழிந்து 2 லிட்டர் தண்ணீரில் போட்டு, புளிப்பும் காரமும் பார்க்கும் பி.எச். தாள் 10 காட்டும்வரை சலவை சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர். ஒரு மணி நேரம் போதும், அதற்குமேல் காரத்தில் கிடந்தால் சிவப்பு சிதையும். பிழிந்தால் பழுப்பேறிய சாறுதான் வரும், பயப்படாதே. எலுமிச்சை உப்பை (சிட்ரிக் அமிலம்) கரைத்துச் சிறுகச் சிறுக ஊற்று. நுரை பொங்கும், பாத்திரம் பெரிதாக இருக்கட்டும். 6-க்கு இறங்கும்போது பழுப்பு போய்ச் சாறு பளிச்சென்று சிவக்கும். கஞ்சி போக அலசிய காடாத் துணியை உடனே நனைத்து உள்ளே விடு. படிகாரம் எதுவும் வேண்டாம், பருத்தி தானாகவே பிடித்துக்கொள்ளும். பட்டு மட்டும் மிச்ச மஞ்சளையும் சேர்த்து இழுத்து ஆரஞ்சுப் பக்கம் போய்விடும். அதற்காகவே ஜப்பானில் முதலில் பருத்தியில் ஏற்றி, காரநீரில் மறுபடி இறக்கி, சுத்தமான சிவப்பை மட்டும் பட்டுக்குக் கொடுப்பார்கள்.

ஜப்பான் என்றதும் ஒன்று. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஹெயான் காலத்து அரசவையில் அடர் சிவப்பு எல்லோரும் உடுத்தக்கூடாத நிறம். ஒரு ‘கின்’, அதாவது சுமார் 600 கிராம் பூவில், ஒரு முழு உருப்படிப் பட்டைத் தோய்த்து வரும் வெளிர் ரோஸுக்கு மட்டும் தடையில்லை. ‘இக்கொன்-ஜொமே’ என்று அதற்குப் பெயர். பெண் நிறம், ஆண் நிறம் என்ற பேச்சே அதில் இல்லை. எவ்வளவு பூவை ஒருவர் மேல் செலவழிக்கலாம் என்ற கணக்குத்தான் அந்தஸ்து. ரோஸ் என்றாலே மென்மை என்கிறார்களே, எனக்கு அது அளந்து கொடுத்த நிறமாகத்தான் படுகிறது.

இனி நான் கவலையோடு சொல்வது. இந்தத் துணியை விற்கப்போகிறாய். இது கெட்டிச் சாயம் இல்லை. வெயிலில் வெளுக்கும். சோப்பில் இருப்பதும் காரம்தான், ஏறிய சிவப்பை அதுவே இறக்கிவிடும். நிழலில் உலர்த்தவும், வினிகர் விட்ட பச்சைத் தண்ணீரில் மட்டும் அலசவும் சொல்லி, ஒவ்வொரு துணியோடும் சீட்டு வைத்துக் கொடு. சொல்லாமல் விற்காதே, வசந்தி.

பூ வாங்கும்போது ஆரஞ்சுச் சிவப்பாக இருப்பதைப் பார்த்து வாங்கு. வெளிறிய பழைய பூ வேண்டாம்.

அன்புடன்,
கோமு