மான்களுக்குக் கொட்டும் மக்காச்சோளம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்க வேட்டைப் பருவத்தைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பதினேழு வருடமாக மிச்சிகனில் குடியிருப்பவள் நான். உரிமம், துப்பாக்கி, மானிறைச்சி என்று எல்லாவற்றையும் கட்டுரையாளர் சரியாகவே எழுதியிருந்தார். ஆனால் மானை வரவழைக்கத் தீவனம் கொட்டுவதை மட்டும், பசித்த விலங்குக்குச் செய்யும் உதவி போல ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த ஒரு வரிதான் என்னை எழுத வைத்தது.

இங்கே நவம்பர் 15 எந்தக் கிழமையில் வந்தாலும் அன்றுதான் துப்பாக்கி வேட்டை தொடங்கும். எங்கள் அலுவலகத்தில் அன்று ஒரு வரிசை நாற்காலிகளே காலியாக இருக்கும். அக்டோபரிலேயே நெடுஞ்சாலை பெட்ரோல் பங்குகளின் வாசலில் மக்காச்சோளம், கேரட், சுகர்பீட் என்று மூட்டை மூட்டையாக அடுக்கிவிடுவார்கள். டெக்சஸில் இதற்கு ஃபீடர் என்று ஒரு கருவியே உண்டு. மூன்று கால் வைத்த பெரிய டிரம், அதன் அடியில் டைமர் வைத்த மோட்டார். விடியும்போதும் பொழுது சாயும்போதும் அது சோளத்தை வீசி இறைக்கும். நாளடைவில் அந்தச் சத்தத்துக்கே மான்கள் வர ஆரம்பித்துவிடும். அங்கே தனியார் நிலத்தில் இதற்குச் சட்டத் தடை இல்லை. மிச்சிகனின் தெற்குப் பகுதியான கீழ்த் தீபகற்பத்தில் 2019 முதல் தடை இருக்கிறது. ஆனால் தடை கொட்டுவதற்குத்தான், மூட்டை விற்பதற்கு இல்லை.

வேட்டைக்கு நான் எதிரி இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். இந்த மாநிலச் சாலைகளில் ஆண்டுக்கு 50,000-க்கும் மேற்பட்ட வண்டிகள் மான் மீது மோதுகின்றன. எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்க இங்கே வேட்டை வேண்டியிருக்கிறது. என் கவலையெல்லாம் அந்தத் தீவனக் குவியலைப் பற்றித்தான்.

1994-இல் இங்கே வடகிழக்கில் அல்பீனா பக்கம் சுடப்பட்ட ஒரு மானுக்கு மாட்டுக் காசநோய் இருந்தது. தேடிப் பார்த்தால் அந்த வட்டாரக் காட்டு மான்களிடையே நோய் வேரூன்றியிருந்தது. காரணம் என்னவென்றால், பல ஆண்டுகளாக அங்கே லாரி லாரியாகக் காய்கறியும் கிழங்கும் கொட்டி, காடு தாங்கும் அளவுக்கு மேல் மான்களைப் பெருக்கி வைத்திருந்தார்கள். அத்தனையும் ஒரே குவியலில் மூக்கோடு மூக்கு உரசித் தின்றன. அப்புறம் அது பண்ணை மாடுகளுக்கும் பரவியது. 2000-இல் மிச்சிகன் காசநோயற்ற மாநிலம் என்ற தகுதியை இழந்தது. மான் வேட்டையில் சம்பந்தமே இல்லாத பால் பண்ணைக்காரர்கள் கூடத் தங்கள் மாடுகளுக்கு ஓயாமல் பரிசோதனை செய்ய வேண்டியதாயிற்று.

இப்போது அதைவிட மோசமான ஒன்று வந்திருக்கிறது. சி.டபிள்யூ.டி. என்பார்கள், மான்களை உருக்கும் நாள்பட்ட மெலிவு நோய். 1967-இல் கொலராடோவில் அடைத்து வளர்த்த மான்களிடம் முதலில் தெரிந்தது. மிச்சிகனின் காட்டு மான்களில் 2015-இல் கண்டுபிடித்தார்கள். இதற்குக் காரணம் பாக்டீரியாவோ வைரஸோ இல்லை, பிரியான் எனப்படும் உருக்கெட்ட புரதம். மாடுகளுக்கு வந்த பைத்திய நோய்க்குப் பங்காளி. மருந்து கிடையாது, தடுப்பூசி கிடையாது. தொற்றிய மான் ஒன்றரை, இரண்டு வருடம் பார்க்க ஆரோக்கியமாகவே இருக்கும். அதற்குள் எச்சிலிலும் சிறுநீரிலும் சாணத்திலும் பிரியானை விட்டுக்கொண்டே போகும். மண்ணில் விழுந்தது வருடக் கணக்கில் அழியாது. தினமும் அதே இடத்தில் சோளம் கொட்டினால் அந்த மண் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மனிதருக்குப் பரவியதாக இதுவரை உறுதியாகவில்லை. ஆனாலும் நோயுள்ள மானின் இறைச்சியை உண்ண வேண்டாம் என்றே சுகாதாரத் துறையினர் சொல்கிறார்கள்.

இன்னொன்றை நம் ஊர்க்காரர்கள் சட்டென்று புரிந்துகொள்வார்கள். பொள்ளாச்சிப் பக்கம் என் அப்பா கால்நடை மருந்தகத்தில் வேலை பார்த்தவர். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் அவருக்கு வீட்டில் சாப்பிட நேரம் இருக்காது. பிரியமாக ஊட்டிய பொங்கலே மாட்டின் வயிற்றில் புளித்து அமிலமாகி, வயிறு உப்பிப் படுத்துவிடும். மானும் அசைபோடும் பிராணிதான். குளிர்காலத்தில் மொட்டும் சுள்ளியும் செரிக்கிற மாதிரி அதன் வயிறு மாறியிருக்கும். அந்த நேரத்தில் திடீரென்று வயிறு முட்டச் சோளம் தின்றால் ஒன்றிரண்டு நாளில் செத்துப்போகும். அறுத்துப் பார்த்தால் வயிறு நிறையச் சோளம் இருக்கும். பசியில் செத்தது என்று நினைத்து, இரக்கப்பட்டு இன்னொரு மூட்டை கொட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

என்னோடு வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர், நாற்பது வருட வேட்டைக்காரர், இதை ஒப்புக்கொள்வதில்லை. "மான்கள் ஒன்றையொன்று நக்கத்தானே செய்கின்றன, அறுத்த வயலில் சிந்திய சோளத்தையும் தின்கின்றனவே" என்பார். வாஸ்தவம்தான். ஆனால் ஒரு கூட்டத்து மான்கள் தங்களுக்குள் நக்கிக்கொள்வது வேறு, நாலு கூட்டத்து மான்கள் ஒரே தொட்டியில் வாய் வைப்பது வேறு. வயலில் சிந்தியது ஏக்கர் கணக்கில் பரவிக் கிடக்கும், தின்றால் தீர்ந்துபோகும். கொட்டுகிற குவியல் தீரவே தீராது.

கடைசியாக, இங்கிருக்கும் நம் வீடுகளைப் பற்றி. வாயில்லா ஜீவனுக்குச் சோறு போடுவது புண்ணியம் என்று வளர்ந்தவர்கள் நாம். ஊரிலிருந்து வரும் அம்மாக்கள் மிஞ்சிய சாதத்தையும் சப்பாத்தியையும் கொல்லைப்புறத்தில் வைத்துவிட்டு, மான் வருவதை வீடியோ எடுத்து அனுப்புகிறார்கள். என் மாமியாரும் வைத்தார், நானும் இரண்டு குளிர்காலம் பார்த்து ரசித்தேன். 2019 தடை கொல்லைப்புறத்துக்கும் பொருந்தும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. பறவைகளுக்குத் தானியம் வைக்கலாம், ஆனால் மானின் வாய் எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். மாமியாரிடம் மாட்டுப் பொங்கல் கதையைச் சொன்னேன். மறுநாளே தட்டை எடுத்துவிட்டார்.

உங்கள் இதழை இங்கே பல தமிழ்க் குடும்பங்கள் படிக்கின்றன. கட்டுரையில் வந்த அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். நவம்பர் 15-க்கு முன்னால் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நோவை, மிச்சிகன்