மைலுக்கு இருபது பென்ஸ்

லண்டன்
20 நவம்பர் 2024

அன்புள்ள மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னது இன்னும் மனதை அரித்துக்கொண்டிருக்கிறது. வயதானவர்களைப் பார்க்க வீடு வீடாகப் போவது உன் சொந்தக் காரில், கம்பனி மைலுக்கு 25 பென்ஸ் தருகிறது, பெற்றோலுக்கு அது காணும் என்றாய். பெற்றோலுக்குக் காணும்தான். டயர், சேர்விஸ், இன்சூரன்ஸ் எல்லாம் யாருடைய காசு, பிள்ளை?

2011 ஏப்ரலில் இருந்து அரசாங்கம் ஒத்துக்கொள்கிற கணக்கு ஒன்று இருக்கிறது. வரி வருஷத்தில் முதல் 10,000 மைல் வரைக்கும் மைலுக்கு 45 பென்ஸ், அதற்கு மேல் 25. கம்பனி 45 தந்தே ஆகவேண்டும் என்று சட்டம் இல்லை. ஆனால் குறைத்துத் தந்தால், குறைகிற 20 பென்ஸுக்கு நீ வரிச் சலுகை கேட்கலாம்.

கவனம், அந்த 20 பென்ஸை அப்படியே கையில் தரமாட்டார்கள். 9,000 மைல் ஓடினால் வித்தியாசம் 1,800 பவுண். அதற்கு நீ கட்டிய வரி மட்டும்தான் திரும்பி வரும். 20 வீதம் கட்டுகிற உனக்கு 360 பவுண். அதோடு பெற்றோல் ரசீது, சேர்விஸ் ரசீது என்று தனியாகக் கேட்கவும் முடியாது. எல்லாம் அந்த 45க்குள் அடக்கம்.

வீட்டில் இருந்து ஒஃபீசுக்குப் போய் வருவது கணக்கில் வராது. ஒஃபீசில் இருந்து முதல் ஆளின் வீடு, அங்கிருந்து அடுத்த வீடு, அதெல்லாம் வரும். நடுவில் பால் வாங்க ஒரு சுற்றுப் போனால் அது உன் சொந்தச் செலவு.

இதெல்லாம் அப்பாவுக்கு எப்படித் தெரியும் என்று யோசிப்பாய். நான் கடை கடையாகப் போய்க் குளிர்ப்பெட்டி திருத்திய காலம் உனக்கு நினைவிருக்கும். 2012 முதல் 2016 வரை சொந்தக் காரில்தான் ஓடினேன். கம்பனி தந்தது மைலுக்கு 20 பென்ஸ். மிச்சத்துக்குச் சலுகை கேட்கலாம் என்று ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. 2018இல் என்னோடு வேலை செய்த ஒருவர் தற்செயலாகச் சொன்னபோது முதல் இரண்டு வருஷமும் கைவிட்டுப் போயிருந்தது. வரி வருஷம் முடிந்து நான்கு வருஷத்துக்குள் கேட்டுவிட வேண்டும். மிச்சத்துக்காவது கேட்கலாம் என்றால் மைல் எழுதிய கொப்பி இல்லை. உன்னுடைய கணக்குக் கொப்பிதான், பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது என்று எடுத்து எழுதினேன். 2015இல் நம்முடைய பழைய டொயோட்டாவை விற்றபோது முன்பெட்டிக்குள் கிடந்து அதுவும் காரோடு போய்விட்டது. உத்தேசமாக எழுதிக் கொடு என்றார் அந்த மனிதர். எனக்கு மனம் வரவில்லை. புதுக் கொப்பியில் இருந்த கடைசி வருஷத்துக்கு மட்டும் கேட்டேன்.

அதனால் இதோடு ஒரு கொப்பி அனுப்புகிறேன். கோடு நானே போட்டுவிட்டேன், சிரிக்காதே. திகதி, புறப்பட்ட இடத்தின் போஸ்ட்கோட், போய்ச் சேர்ந்த இடத்தின் போஸ்ட்கோட், எதற்காகப் போனாய், எத்தனை மைல். ஆட்களின் பெயர் எழுதாதே. இரவு வந்து எழுதலாம் என்று வைக்காமல் காரை விட்டு இறங்கும் முன்னமே எழுது. சலுகை கேட்டு வரி அலுவலகத்துக்கு அனுப்புகிற பி87 படிவத்தோடு 2024 ஒக்டோபரில் இருந்து இந்தக் கணக்கின் பிரதியையும் கேட்கிறார்கள். ஏப்ரல் 5 வந்தால் அந்த வருஷத்தை மூடிவிட்டு அடுத்த நாள் புதுப் பக்கம். ஏன் இந்த நாட்டில் வருஷம் ஏப்ரல் 6இல் பிறக்கிறது என்று கேட்காதே, அது 1752இல் பதினொரு நாளைக் கலண்டரில் இருந்து தூக்கிய கதை.

ஃபேஸ்புக்கில் ‘நாங்கள் எடுத்துத் தருகிறோம்’ என்று வருகிறவர்களிடம் போகாதே. வருவதில் பெரிய பங்கு அவர்களுக்குப் போகும். படிவத்தை நீயே நிரப்பலாம்.

இன்னொன்று, இதுதான் அவசரம். இன்சூரன்ஸில் வேலைப் பாவனை சேர்த்திருக்கிறாயா? வேலைக்குப் போய் வர மட்டும் எடுத்திருந்தால், வீடு வீடாகப் போகும்போது இடிபட்டால் அவர்கள் கையை விரிக்கலாம். நாளைக்கே அழைத்துக் கேள்.

கொப்பி கிடைத்ததும் கார் இப்போது எத்தனை மைல் காட்டுகிறது என்று பார்த்து முதல் வரியில் எழுது. அப்படியே படம் எடுத்து எனக்கும் அனுப்பு. பின்டயர் தேய்ந்து கிடக்கிறது என்று அம்மா போன முறை பார்த்துவிட்டு வந்து சொன்னாள், அதையும் கவனி.

அன்புடன்
அப்பா